டாஷ்போட்டில் மூன்று ஓட்டைகள்

மொறிஸ் மைனர் காரின் டாஷ்போட்டில் பெரிதாக ஒன்றும் இல்லை. இந்தக் காலத்துக் கார்களில் மின்னும் திரைகளைப் பார்த்துப் பழகியவர்களுக்கு அது வெறும் தகரப் பலகை. நடுவில் வட்டமாக ஒரு ஸ்பீடோ மீற்றர். பெற்றோல் எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் சின்ன முள்ளும் அதற்குள்ளேதான். இரண்டு பக்கமும் ஒவ்வொரு லாச்சி. (கிளவ் பொக்ஸ் என்பார்கள். எங்கள் வீட்டில் மேசைக்கு இருந்தாலும் காருக்கு இருந்தாலும் லாச்சி லாச்சிதான்.) இழுக்கிற குமிழ்கள் சில. கீழே, முழு அகலத்துக்கும், சாமான் வைக்க ஒரு மட்டைத் தட்டு. அவ்வளவுதான்.

அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து 1948இல் வெளிவந்த கார் இது. பத்து லட்சம் என்ற எண்ணிக்கையைத் தாண்டிய முதல் பிரித்தானியக் காரும் இதுதான். ஆரம்பத்தில் மீற்றர் சாரதிக்கு நேரே இருந்தது. 1954இல் நடுவுக்குக் கொண்டுவந்தார்கள். இதில் ஒரு வசதி உண்டு: ஸ்ரியறிங் வலப்பக்கம் வேண்டிய நாட்டுக்கும் இடப்பக்கம் வேண்டிய நாட்டுக்கும் மீற்றரை இடம் மாற்ற வேண்டியதில்லை.

எங்கள் வீட்டில் அதனால் விளைந்தது வேறு. இடப்பக்கம் இருந்த அம்மாவுக்கும் வேகம் தெரிந்தது. முள் நாற்பது மைலைத் தொட்டால் "இஞ்சாருங்கோ" என்று ஒரு குரல் வரும். வேறொன்றும் சொல்லமாட்டா. அப்பாவின் கால் தானாக மேலே எழும்பும். பின் சீற்றில் இருந்த எனக்கும் அண்ணருக்கும் இரண்டு தோள்களுக்கு நடுவால் அந்த முள் வடிவாகத் தெரியும். இன்றைக்கு அம்மா எந்த இடத்தில் சத்தம் போடுவா என்று பந்தயம் பிடிப்போம்.

அப்பா அப்போதிக்கரி. காரை 1964இல், நாலு வருடம் ஓடிய பிறகு, செகண்ட் ஹாண்டாக வாங்கினார். 948 சிசி எஞ்சின். திரும்புகிறபோது கதவுத் தூணிலிருந்து கை நீட்டுகிற வகை. ஸ்ராட் பண்ணத் திறப்பைத் திருப்புகிற வசதி 1964க்குப் பிறகு வந்த மைனர்களில்தான். எங்களதில் திறப்பைப் போட்டு, எஸ் எழுத்துக் குமிழை இழுக்க வேண்டும். அதற்கு முன் சி எழுத்துக் குமிழை, அதுதான் சோக், இழுத்து வைத்துக்கொள்ள வேண்டும். திறப்பைப் போட்டதும் எஸ்யூ பெற்றோல் பம்ப் டிக் டிக் டிக் என்று அடித்து, நிரம்பியதும் ஓயும். அந்தச் சத்தம் ஓய்ந்த பிறகுதான் எஸ்ஸை இழுக்க வேண்டும் என்பது அப்பாவின் சட்டம்.

அறுபதுகளில் கார் இறக்குமதியை இறுக்கினார்கள். 1977 வரைக்கும் அது பெரிதாகத் தளரவில்லை. ஆகவே இலங்கையில் மைனர், ஒஸ்ரின், ஒக்ஸ்போட் எல்லாம் சாக விடப்படவில்லை. யாழ்ப்பாணத்துக் கராஜ்களில் எதையும் எதிலும் பொருத்துகிற கைகள் அந்தக் காலத்தில் உருவானவை. அவற்றின் அருமை பின்னாட்களில்தான் தெரிந்தது.

அண்ணர் அந்தக் காரில்தான் ஓடப் பழகினார். 1973இல் லண்டன் போனார். நான் நில அளவைத் திணைக்களத்தில் படவரைஞராகச் சேர்ந்து, கோடு கீறிக் கீறி 2011இல் ஓய்வு பெற்றேன். கார் என்னோடு கொக்குவிலில் நின்றது.

இனி ஓட்டைகளுக்கு வருகிறேன்.

1990இல் சண்டை திரும்பத் தொடங்கியதும் குடாநாட்டுக்குப் பெற்றோல் வருவது நின்றது. மின்சாரமும் இல்லை. ரோச் பற்றரிகூடத் தடைசெய்யப்பட்ட சாமான். கார் வைத்திருந்தவர்கள் மண்ணெண்ணெயில் ஓடினார்கள். நம்பாதவர்கள் அந்தக் காலத்து யாழ்ப்பாணத்தவர் யாரையும் கேட்கலாம். மண்ணெண்ணெய் குளிர்ந்த எஞ்சினில் ஆவியாகாது. ஆகவே முதலில் காபரேற்றருக்குள் கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, எஞ்சின் சூடேறிய பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். நிற்பாட்டுவதற்கு முன் திரும்பப் பெற்றோலுக்கு மாற்றினால்தான் அடுத்த முறை லேசாக ஸ்ராட் ஆகும். புகையும் மணமும் கண்ணைக் கரிக்கும். எஞ்சின் தட்டும். ஆனால் ஓடும்.

பலர் ஒவ்வொரு முறையும் பொனற்றைத் திறந்து போத்தலால் ஊற்றினார்கள். எங்கள் கராஜ்காரர் அதைவிட ஒரு படி மேலே போனார். அரைப் போத்தல் பிடிக்கிற ஒரு தகர டப்பாவை எஞ்சினுக்குப் பின்சுவரில் பூட்டி, காபரேற்றருக்குப் போகும் குழாயில் மூன்று வாய்த் திருகு ஒன்றை வைத்து, சைக்கிள் பிரேக் கேபிள் ஒன்றை அதில் கொளுவி டாஷ்போட்டுக்கு இழுத்துவிட்டார். இழுத்தால் பெற்றோல், விட்டால் மண்ணெண்ணெய். கேபிள் வெளியே வர சோக்குக்குப் பக்கத்தில் ஓர் ஓட்டை துளைத்தார். குமிழுக்குப் பொருள் கிடைக்காமல், அம்மாவின் தையல் பெட்டியிலிருந்து வெறும் நூற்கட்டை ஒன்றை எடுத்துப் பாதியாக அறுத்துப் பூட்டினார். அது முதல் ஓட்டை.

மற்ற இரண்டும் இடப்பக்க லாச்சிக்குக் கீழே. இரண்டு பித்தளை முனைகள், றேடியோவுக்கு. ஊரில் பலர் சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைச் சுற்றி டைனமோவில் றேடியோ கேட்டார்கள். எங்களிடம் காரும் அதற்குள் 12 வோல்ற் பற்றரியும் இருந்தன. இரவானால் அயலட்டைச் சனம் போட்டிக்கோவுக்கு வந்துவிடும். கதவைத் திறந்து வைத்து பிபிசி தமிழோசை கேட்போம். இதில் ஒரு வில்லங்கம், மைனரில் பற்றரியின் பொசிற்றிவ் முனைதான் காரின் உடம்போடு சேர்ந்திருக்கும்; இப்போதைய கார்களுக்கு நேர் மாறு. இது தெரியாமல் மாறிக் கொளுவினால் றேடியோ போய்விடும். அதற்காக அப்பா நகப்பூச்சு வாங்கி ஒரு முனைக்குச் சிவப்புப் பொட்டு வைத்தார். எழுபத்தைந்து வயது மனிசன் நகப்பூச்சு வாங்கப் போன கதையைச் சொல்லி அம்மா பல காலம் சிரித்தா.

1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமம் முழுவதும் வெளிக்கிட்டது. லட்சக்கணக்கான சனம், ஒரு றோட்டு, மழை. நான் ஓடினேன். அப்பா இடப்பக்கம், அம்மாவின் இடத்தில். அம்மா அதற்கு இரண்டு வருடம் முந்திப் போய்ச் சேர்ந்திருந்தா. பின்னால் என் மனைவியும் இரண்டு பிள்ளைகளும், எங்களோடு வந்து ஏறிய அயல்வீட்டு ஆச்சியும். சாவகச்சேரிக்குப் பத்து மைலளவு. எங்களுக்கு அந்த இரவும் மறுநாள் பாதியும் எடுத்தது. நாவற்குழிப் பாலத்துக்குக் கிட்டப் போக முன்னமே விடிந்துவிட்டது. சனத்துக்குள் கார் ஓடவில்லை, நகர்ந்தது. நின்றால் எஞ்சினை அணைக்க வேண்டும், அணைத்தால் திரும்ப ஸ்ராட் பண்ணப் பெற்றோல் வேண்டும். டப்பாவில் இருந்தது அரைப் போத்தல்தான்.

நான் றோட்டைப் பார்க்க வேண்டியிருந்தது. ஆகவே நூற்கட்டையை அப்பா எடுத்துக்கொண்டார். முன்னால் சனம் இறுகுவதைப் பார்த்து, "இப்ப நிக்கப் போறாய்" என்று சொல்லி முன்கூட்டியே இழுப்பார். நான் அணைப்பேன். வழி விட்டதும் எஸ்ஸை நான் இழுப்பேன், இரண்டு நிமிடத்தில் அவர் கட்டையை விடுவார். இரவு முழுக்க இப்படித்தான். வேறு பேச்சு இல்லை. சாவகச்சேரியில் இறங்கியபோது டப்பாவில் ஒரு விரற்கடை பெற்றோல் மிச்சம் இருந்தது. திறந்து பார்த்து, "காணும்" என்றார்.

டிசம்பரில் அங்கேயே அப்பா மோசம் போனார். மருந்தில்லாத காலம், அவருக்கு என்ன வருத்தம், என்ன மருந்து வேண்டும் என்று எங்கள் எல்லோரையும்விட அவருக்கே நன்றாகத் தெரியும். அண்ணருக்குச் செய்தி போக ஒன்பது நாள் பிடித்தது.

1996இல் திரும்பி வந்து காரைக் கொட்டிலுக்குள் கல்லில் ஏற்றினேன். அங்கேயே நின்றது.

ஓய்வு பெற்றபின் கை சும்மா இருக்கவில்லை. எஞ்சின், பிரேக் வேலை எல்லாம் இரண்டு வருடத்தில் மெதுவாக முடிந்தது. உள்பக்கம்தான் கண்றாவி. லாச்சிகளின் உட்கூடு தகரமல்ல, அழுத்திய மட்டை. ஈரத்தில் அப்பளமாய் உதிர்ந்திருந்தது. வயர்களின் நூற்சட்டையை எலி தின்றிருந்தது. ஸ்பீடோ மீற்றரின் முள் அசையவில்லை. குமிழ்களில் பாதி இல்லை.

அண்ணரிடம் சொன்னேன். அவரும் ஓய்வில். அடுத்த மாதமே ஒரு பெட்டி வந்தது. மைனருக்கு இங்கிலாந்தில் ஓர் ஆணி முதல் முழுக் கதவு வரை இன்றும் வாங்கலாம். அந்தக் காரில் அவர்களுக்கு அவ்வளவு பிரியம். இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. தொண்ணூறுகளில் பாத் நகரத்தின் மொறிஸ் மைனர் நிலையத்தை நடத்திய சார்ல்ஸ் வெயார், இலங்கையின் தெற்கில் ஒரு கூட்டு முயற்சியாக மைனர் உதிரிப்பாகங்கள் செய்விக்கத் தொடங்கினார். நாங்கள் நூற்கட்டை பூட்டிக்கொண்டிருந்த அதே காலத்தில், அதே தீவில், மைனருக்குப் புதுத் தகரம் அடித்து இங்கிலாந்துக்குக் கப்பலேற்றினார்கள்.

பெட்டிக்குள் லாச்சிக் கூடுகள் இரண்டு, எழுத்துப் பொறித்த குமிழ்கள், திருத்திப் புதுப்பித்த ஸ்பீடோ மீற்றர், லாச்சி மூடிக்கு ஒரு கீல், கீழ்த்தட்டுக்கு மட்டை, பழையமாதிரியே நூல் சுற்றிய முழு வயர்க்கட்டு. எல்லாவற்றுக்கும் மேல் ஒரு கடிதம். கடிதத்தில் 1966இல் எடுத்த ஒரு படத்தின் பிரதி: கதவு திறந்திருக்க, அப்பா ஸ்ரியறிங்கில், பின்னால் டாஷ்போட் பளிச்சென்று. "இப்படி வரவேணும்" என்று கீழே எழுதியிருந்தார்.

வேலையைக் கராஜ்காரரின் மகன் செய்தான், நான் பக்கத்தில் நின்றேன். முதலில் பற்றரியைக் கழற்ற வேண்டும். பிறகு லாச்சிக் கூடுகள். அவை வெளியே வந்தால்தான் மீற்றரின் முதுகுக்குக் கை போகும். மீற்றரின் கேபிளைப் பிடித்திருப்பது கையால் திருகும் நட். நாற்பது வருடத் தூசி அதைச் சீமெந்தாக்கியிருந்தது. மூன்று நாள் எண்ணெய் விட்டு ஊறவைத்தோம்.

வயர்தான் என் தொழில் உதவிய இடம். லூக்காஸ் வயரிங்கில் நிறத்துக்குப் பொருள் உண்டு: மண்ணிறம் பற்றரியிலிருந்து எப்போதும் மின் வருவது, வெள்ளை திறப்பைப் போட்டால் வருவது, பச்சை அதே மின் பியூஸ் தாண்டி வருவது, சிவப்பு சின்ன லைற், நீலம் பெரிய லைற், கறுப்பு உடம்புக்கு. ஆனால் ஐம்பது வருடத்தில் எல்லாமே ஊத்தை நிறம். கிளிப்புக்கு உள்ளே மறைந்திருந்த இடத்தை விரித்துப் பார்த்தால் பழைய நிறம் அப்படியே இருக்கும். ஒவ்வொன்றாகப் பார்த்து, பிளாஸ்ரர் துண்டில் எண் போட்டு ஒட்டி, பெரிய தாளில் படம் கீறினேன். மெக்கானிக் தம்பி அந்தப் படத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு போய்க் கராஜ் சுவரில் மாட்டியிருக்கிறான். நாற்பது வருட அரசாங்க வேலையில் என் கோடு எதையும் யாரும் சுவரில் மாட்டியதில்லை.

கூடு, குமிழ், மட்டை எல்லாம் மாற்றலாம். டாஷ்போட் தகரத்தை மாற்ற முடியாது, அது காரின் உடம்போடு ஒட்டியது. ஓட்டைகளை அடைக்கத்தான் முடியும். நான் படம் எடுத்து அனுப்பிய அன்று இரவே அண்ணர் கோல் எடுத்தார்.

"தம்பி, அந்த ஓட்டை மூண்டையும் ஒட்டிப்போட்டு பெயின்ற் அடிக்கச் சொல்லு. அப்பா வாங்கேக்க அது இருக்கேல்லை."

"அப்பா சாகேக்க இருந்தது, அண்ணை."

கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு அங்கே குளிர் தொடங்கிவிட்டது என்றார். இங்கே மழை என்றேன்.

அவர் கேட்டதில் நியாயம் இல்லாமலில்லை. அவருக்குத் தெரிந்த கார் 1973 வரை ஓடிய கார். அதற்குப் பிறகு நடந்தவற்றில் அவர் கை வைத்த ஒரே பொருள் மணியோடர்தான். தகப்பனுக்குக் கொள்ளி வைக்க வர முடியாத மூத்த மகன், தகப்பன் நல்லாயிருந்த காலத்தைத் தகரத்திலாவது திரும்ப நிறுத்தப் பார்க்கிறார் என்று எனக்கு விளங்கியது. ஆனால் அதற்காக அந்த இரவைப் புட்டி பூசி மூட எனக்கு மனம் வரவில்லை. மெக்கானிக் தம்பியிடம், அண்ணர் வரும் வரைக்கும் தகரத்தில் கை வைக்காதே என்றேன்.

2015 தையில் வந்தார். வந்த அன்றே கொட்டிலுக்குப் போய், சாரதி சீற்றில் இருக்காமல் இடப்பக்கம் ஏறி உட்கார்ந்தார். குமிழ்களை ஒவ்வொன்றாகத் தொட்டார். நூற்கட்டையில் கை நின்றது. கட்டையில் கடைக்காரனின் ஒட்டுத்தாள் இன்னமும் கொஞ்சம் இருந்தது.

"இது அம்மாட நூற்கட்டையெல்லே?"

அதற்குப் பிறகுதான் சொன்னேன். இருபது வருடத்தில் எத்தனையோ முறை கோலில் கதைத்திருக்கிறோம். இடம்பெயர்ந்தோம், கஷ்டப்பட்டோம் என்று சொல்லியிருக்கிறேன். யார் கட்டையை இழுத்தார், யார் எஸ்ஸை இழுத்தார் என்று சொன்னதில்லை. கோலில் அப்படியெல்லாம் சொல்ல வராது. அவர் கட்டையை ஒரு முறை இழுத்தார், விட்டார். "இப்பிடியோ?" என்றார். "அதைவிட மெதுவா" என்றேன்.

அடுத்த நாள் மெக்கானிக் தம்பியை வைத்து மூன்று பேருமாகப் பேசினோம். றேடியோ ஓட்டைகள் இரண்டையும் அடைக்க நானே சொல்லிவிட்டேன். பித்தளை முனை கறள் பிடித்து, சிவப்புப் பொட்டும் போய், அதில் வைத்திருக்க ஒன்றுமில்லை. கட்டை நிற்கட்டும் என்றார் அண்ணர். தம்பிக்குத் தொழில் கவலை: ஒன்றிலும் கொளுவாத கேபிள் உள்ளே தொங்கினால் சோக் கேபிளோடு சிக்கும். கேபிளை எடுத்துவிட்டு, கட்டையை மட்டும் ஒரு ஸ்குறூவில் இறுக்கினான். இழுத்தால் இனி வராது. புது சி, எஸ் குமிழ்கள் பக்கத்தில் பளபளக்க, அது பார்க்க ஒரு மாதிரித்தான் இருக்கிறது.

ஸ்பீடோ மீற்றரில் பிறகு ஒரு கேள்வி வந்தது. புதுப்பித்து வந்ததில் மைல் கணக்குச் சைபரில் நின்றது. பழையதில் 38,214, ஒரு லட்சத்தைத் தாண்டி ஒரு சுற்று முடிந்த பிறகு. பூட்ட முன் எந்த எண்ணை வைப்பது என்று தம்பி கேட்டான். நான் எதுவானாலும் சரி என்றேன். அண்ணர், அந்த இரவு மீற்றர் வேலை செய்ததா என்று கேட்டார். முள் எழும்பவே இல்லை என்றேன். தம்பி குறுக்கிட்டு விளக்கினான்: முள்ளை எழுப்புவது சுழலும் காந்தத்தின் இழுவை, அதற்கு வேகம் வேண்டும். மைல் கணக்கு பற்சக்கரத்தில் ஓடுவது. கேபிள் சுற்றினால், எவ்வளவு மெதுவாகச் சுற்றினாலும், அது எண்ணும்.

"அப்ப அந்தப் பத்து மைல் இதுக்குள்ள கிடக்கு" என்றார் அண்ணர். பழைய எண்ணையே வைக்கச் சொன்னார். தம்பி அரை நாள் செலவழித்து, சக்கரங்களை ஒவ்வொன்றாகத் திருப்பி 38,214இல் நிறுத்தினான். பழைய மீற்றரை அண்ணர் தன் சூட்கேசில் சட்டைகளுக்கு நடுவே வைத்துக் கொண்டுபோனார். விமான நிலையத்தில் திறந்து பார்த்து, இது என்ன என்று கேட்டார்களாம்.

போவதற்கு முதல் நாள் கீரிமலைக்கு ஓடினோம், அவர்தான் ஓடினார். கியர் ஒன்றும் மறக்கவில்லை. லாச்சி மூடி மட்டும் குண்டும் குழியுமான இடத்தில் தானாகத் திறந்து திறந்து விழுந்தது. கீல் புதியது, கொளுக்கி பழையது. லண்டன் போய்ச் சேர்ந்த கிழமையே கொளுக்கிக்கு ஓடர் கொடுத்துவிட்டதாகச் சொன்னார். அது வரும் வரைக்கும் ஒரு றப்பர் பாண்ட் போட்டு வைத்திருக்கிறேன்.